ஒரு தலைக்குப் பதினோரு புகைபோக்கி

சிலி நாட்டிலேயே காற்றை அதிகமாகக் கெடுக்கிற மனிதர் யார் என்று அரசாங்கம் இரண்டு வருடம் ஆராய்ந்து கண்டுபிடித்தது. அவர் பெயர் ரோசாமெல் சிகுவாய். வயது அறுபத்து நான்கு. பதினேழு ஆடு, ஓர் உருளைக்கிழங்குத் தோட்டம், கரையோரம் மீன் பிடிக்க ஒரு வலை, இவ்வளவுதான் அவருடைய தொழிற்சாலை. யெல்குவே தீவில் தனியாக இருக்கிறார். வீட்டில் தனியாக என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், தீவிலேயே தனியாக.

இந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்தது என் படகில்தான். செவ்வாயும் வெள்ளியும் யெல்குவேக்குப் போய்வரும் மானியப் படகைப் பதினாறு வருடமாக ஓட்டுகிறேன். ஆரம்பத்தில் படகில் உட்கார இடம் இருக்காது. பள்ளிக்கூட வாத்தியார், பாதிரியார், கோழி, கல்யாண கேக் எல்லாம் ஒன்றின் மடியில் ஒன்று உட்கார்ந்து வரும். பிறகு சால்மன் மீன் ஆலைகள் வந்தன, துறைமுகத்தில் மாதச் சம்பளம் கிடைத்தது. ஒவ்வொரு குடும்பத்தையும் மூட்டை முடிச்சோடு நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். கடைசியில் ரோசாமெல் அண்ணன் மட்டும் மிஞ்சினார். அவருக்கு மாவு, சர்க்கரை, வானொலிக்கு பேட்டரி கொண்டுபோவேன். அவர் கெட்டிலைச் சூடாக வைத்திருப்பார். மாத்தே என்கிற கசப்பு இலைத் தேநீரை ஒரே குழலில் மாறி மாறி உறிஞ்சிக்கொண்டு அரை மணி நேரம் பேசுவோம். வாரத்துக்கு இரண்டு அரை மணி நேரம், அதுதான் அவர் மனிதர்களோடு பேசுவது. ஆடுகளோடு பேசுவதை நான் சேர்க்கவில்லை.

போனவர்கள் எல்லாரும் வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். எங்கள் பக்கத்து வீடுகள் மரப்பலகை வீடுகள். வருடத்தில் பாதி நாள் மழை. அடுப்பு எரியாத வீடு இரண்டு குளிர்காலத்தில் ஊறி, மூன்றாவதில் உட்கார்ந்துவிடும். அதனால் அண்ணன் தினமும் விடிந்ததும் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவார். பூட்டிய பத்து வீட்டையும் திறந்து, ஒவ்வொரு அடுப்பிலும் இரண்டு கட்டை வைத்து மூட்டிவிட்டு வருவார். யாரும் கூலி கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. 'திரும்பி வருவோம், வீட்டை ஈரம் பிடிக்காம பாத்துக்கோ' என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். அவர் அதை நம்பினார். வேறென்ன சொல்ல, இந்தக் காலத்திலும் அப்படி ஒரு மனிதர்.

வானத்தில் சுற்றுகிற கருவிக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. அது பதினோரு புகைபோக்கியைப் பார்த்தது. மக்கள்தொகைப் பட்டியலில் ஒரு தலை இருந்தது. தலைநகரில் இருக்கும் பசுமை மாற்றச் செயலகம் புகையைத் தலையால் வகுத்தது. வந்த விடையைப் பார்த்து அங்கே இரண்டு பேர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டதாகக் கேள்வி.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை செயலகத்திலிருந்து வலெஸ்கா என்ற பெண் வந்தாள். இருபத்தெட்டு வயசு இருக்கும். வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து, கரையில் கால் வைத்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, யெல்குவே சமூகத்துக்குச் செயலகத்தின் வணக்கத்தைத் தெரிவித்தாள். அண்ணன் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாராவது நிற்கிறார்களோ என்று. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். நல்ல பெண்தான். கையில் ஒரு படிவம் இருந்தது, அவ்வளவுதான் கோளாறு.

"ரோசாமெல் ஐயா, உங்க ஒருத்தருக்கு எதுக்கு பதினோரு அடுப்பு?"

"எனக்கு ஒண்ணு போதும்மா. மத்ததெல்லாம் அவங்களுக்கு."

"எவங்களுக்கு?"

"வீட்டுக்காரங்களுக்கு."

"அவங்க எங்க?"

"இங்க இல்லம்மா."

அவள் எழுதினாள். எழுதியதைப் படித்தும் காட்டினாள், எல்லாம் வெளிப்படையாக நடக்க வேண்டுமாம். 'வசிப்பவர் பதினோரு வீடுகளைத் தம் ஒருவருக்காகச் சூடாக்கிக்கொள்கிறார்.'

அடுத்தது என் படகு. வாரம் இரண்டு முறை டீசல் எரித்து வருவது யாருக்காக? யெல்குவேக்காக. யெல்குவே என்றால் யார்? ரோசாமெல். ஆக அந்த டீசலும் அவர் தலையில் ஏறியது. அவளே வந்த பயணமும் சேர்த்துத்தான். எதிரே கடலில் சால்மன் பண்ணையின் நான்கு மிதவை ஜெனரேட்டர்கள் ராப்பகலாக உறுமிக்கொண்டிருக்கின்றன. அண்ணன் பணிவாகக் கையைக் காட்டி, அது யார் தலையில் என்று கேட்டார். அது கடலில் இருக்கிறது, கடல் வேறு இலாகா என்றாள் வலெஸ்கா.

மே மாத முடிவுக்குள் தலைக்கு இவ்வளவு என்ற எண் இறங்காவிட்டால் படகு மானியம் நின்றுவிடும். இதைச் சொல்லும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. மின்சாரப் படகு தருவார்கள், குறைந்தது ஐம்பது பேர் இருந்து மூன்றில் ஒரு பங்கைச் சமூகம் போட்டால். சூரிய வெப்பக் கருவிகள் தருவார்கள், பொதுக்குழு கூடித் தீர்மானம் போட்டால். அண்ணன் அங்கேயே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து பொதுக்குழுவைக் கூட்டினார். தலைவராகவும் செயலாளராகவும் பொருளாளராகவும் தேர்வானார். தீர்மானத்தை முன்மொழிந்தார். வழிமொழிய வேறொருவர் வேண்டும் என்றது விதி. நான் கையைத் தூக்கினேன். நான் வெளியூர்க்காரன், செல்லாது. கூட்டம் கலைந்தது.

அவளைப் படகில் ஏற்றிவிட்டு அண்ணன் என்னிடம் வந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்து வருடக்கணக்காகிறது.

"ஏன் தம்பி அர்னால்தோ, புகை ஜாஸ்தின்னு அந்தப் பொண்ணு சொல்லல. தலை கம்மின்னுதான சொல்லுது?"

"அப்படித்தான் தெரியுது அண்ணே."

"அப்போ தலையைக் கூட்டிட்டு வந்துட்டா முடிஞ்சுது. மிங்கா கேட்டுப் பாக்குறேன்."

எங்கள் தீவுகளில் ஒருவரால் தனியாக ஆகாத வேலை வந்தால் மிங்கா கேட்பது வழக்கம். ஒரு வீட்டையே பெயர்த்து மாடு கட்டி இழுக்க வேண்டுமா, மலைச்சரிவில் கிழங்கு தோண்ட வேண்டுமா, வீடு வீடாகப் போய்த் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சிக் கேட்க வேண்டும். முறைப்படி கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்லக்கூடாது. கேட்டவர் எல்லாருக்கும் வயிறாரச் சோறு போட வேண்டும். அவ்வளவுதான் சட்டம். நம் வேலையை நாலு பேர் வந்து செய்து தருவார்கள் என்று பழகிப்போன மனிதர், தலை எண்ணுவதையும் அப்படி ஒரு வேலை என்றே எடுத்துக்கொண்டார். நானும் சரியென்றுதான் நினைத்தேன். இரண்டு பேருமே தீவுக்காரர்கள், வேறெப்படி நினைப்போம்.

அடுத்த செவ்வாய் அவரைத் துறைமுகத்துக்கு ஏற்றிவந்தேன். மூன்று வருடத்தில் முதல் தடவை. மீன் ஆலைக்குப் பின்னால் அரசாங்கம் கட்டிக்கொடுத்த சின்னச் சின்ன வீடுகள், எல்லாம் ஒரே நிறம். ஒவ்வொரு வாசலிலும் ஒரு பை கிழங்கோடு நின்று, தொப்பியைக் கழற்றி, பழைய வார்த்தைகளிலேயே கேட்டார். முதலில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரராக இருந்த எலியேசர் பாரியாவின் வாசல்.

"என்ன வேலை ரோசாமெல்? வீடு இழுக்கணுமா?"

"வேலை ஒண்ணும் இல்லப்பா. வந்து நின்னா போதும். எண்ணுவாங்க."

"நிக்கிறதுக்கு மிங்காவா? அதுக்கு என் மச்சான்தான் சரியான ஆளு. பத்து வருஷமா ஆலையில அதத்தான் செய்யுறான்."

சிரித்தார்கள், ஆனால் யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

எண்ணும் நாளை மே மாதம் மூன்றாம் சனிக்கிழமை என்று செயலகம் குறித்தது. யெல்குவேக்குக் கூட்டம் வருகிறது என்று கேள்விப்பட்டதும் பசுமை மாற்ற மந்திரி லியாந்த்ரோ எச்செனிகே தாமும் வருவதாகச் சொல்லியனுப்பினார். அதற்கு முந்தின நாள் என் படகு ஐந்து நடை போனது. மேடை, கூடாரம், ஒலிபெருக்கி, அதை ஓட்ட ஒரு டீசல் ஜெனரேட்டர், பிளாஸ்டிக் தொட்டியில் இருநூறு மரக்கன்று. மரம் தவிர வேறெதுவும் இல்லாத தீவுக்கு மரக்கன்று. ஐந்து நடை டீசலும் தீவின் பெயரில் எழுதப்பட்டது. ஏன் என்று கேட்டேன். படகு தீவுக்குத்தானே போகிறது என்றார்கள்.

சனிக்கிழமை ஆறு படகில் நாற்பத்து மூன்று பேர் வந்து இறங்கினார்கள். அண்ணன் விடியலுக்கு முன்பே குழி வெட்டி, கல்லைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, அதன்மேல் சிப்பி, பன்றிக்கறி, கிழங்கு எல்லாவற்றையும் அடுக்கி, பெரிய இலைகளால் மூடி வைத்திருந்தார். புகை ஊர் முழுக்க நின்றது. அவரவர் தங்கள் வீட்டைத் திறந்தார்கள். உள்ளே கதகதப்பாக இருந்தது. எலியேசரின் மனைவி அடுப்புப் பக்கம் போய் நின்றவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. பிள்ளைகள் கோயில் மணியை அடித்து அடித்துக் கயிற்றை அறுத்தார்கள், அண்ணன் அதற்குக்கூடச் சந்தோஷப்பட்டார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "எங்க, ஒரு சொட்டு ஈரம் இருக்கா பாரு" என்று கேட்டுக்கொண்டே போனார். தலை எண்ணத்தான் கூப்பிட்டேன் என்று அவர் சொல்லிக்கொள்ளலாம். வந்தவர்களில் ஒரு குடும்பமாவது தங்கிவிடாதா என்றுதான் அந்த மனிதர் அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும்.

பதினோரு மணிக்கு மந்திரி ஹெலிகாப்டரில் இறங்கினார். கூடாரம் பறந்துபோய் ஆட்டுப்பட்டியில் விழுந்தது. ஹெலிகாப்டர் புறப்பட்ட இடம் தலைநகரம், அதனால் அதன் புகை தலைநகரக் கணக்கு, அங்கே அறுபது லட்சம் தலை இருக்கிறது. மந்திரி இரண்டு தட்டு சாப்பிட்டார். இந்தப் புகை வாசனைதான் நம் வேர் என்று சொல்லி இன்னொரு துண்டு பன்றிக்கறி கேட்டு வாங்கினார். பிறகு மேடை ஏறினார்.

"அன்பு மக்களே, சின்னச் சமூகங்களால் பசுமைக்கு மாற முடியுமா, அவர்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் சொல்கிறேன், அவர்களால்தான் முடியும். தலைநகரில் ஒரு பேருந்துத் தடத்தை மாற்றினால் மூன்று சங்கம் தெருவுக்கு வருகிறது. எதிரே தெரிகிற மீன் பண்ணையைத் தொட்டால் என் தொலைபேசி நிற்காமல் அடிக்கிறது. என் வீட்டு நீச்சல்குளத்துக் கொதிகலனை நிறுத்தலாமா என்று கேட்டேன், என் மனைவி மூன்று நாள் பேசவில்லை. ஆனால் இந்தத் தீவைப் பாருங்கள். ஒரே ஒரு கையெழுத்து. எதிர்ப்பு இல்லை, ஊர்வலம் இல்லை, அடுத்த தேர்தலில் ஒரே ஒரு ஓட்டுக்குத்தான் ஆபத்து. இந்தத் துணிச்சலான முடிவை எடுக்க நான் தயங்கவில்லை."

அண்ணன் கைதட்டினார். தன் வீட்டுக்கு வந்த விருந்தாளி பேசும்போது தட்டாமல் இருப்பது மரியாதையில்லை. அவர் தட்டியதால் நாற்பத்து மூன்று பேரும் தட்டினார்கள். தட்டிய பிறகுதான் என்ன முடிவு என்று வலெஸ்கா வாசித்தாள்.

ஒரு வருடத்தில் நூற்று எண்பது இரவு தீவில் தூங்கியவர்தான் தலை. மற்றவர்கள் வருகையாளர்கள். வருகையாளர்களின் படகு, அடுப்பு, சமையல் எல்லாம் அவர்களை அழைத்தவர் கணக்கில் சேரும். அன்று ஒரே நாளில் அண்ணன் தன்னுடைய பழைய சாதனையையே முறியடித்திருந்தார். ஆகவே பத்து வீட்டு அடுப்புகளுக்கும் முத்திரை. ஜூன் முதல் தேதியிலிருந்து படகு நிறுத்தம். அடுப்பும் படகும் போனதும் கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்று வருகிறது. நாட்டின் முதல் முழுப் பசுமைத் தீவு யெல்குவே. மந்திரி ஒரு கண்ணாடிக் கேடயத்தை நீட்டினார். அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மந்திரி ஐயா, மாவு இல்லாட்டி கிழங்கு இருக்கு, சமாளிச்சுக்குவேன். படகு வரலேன்னா நான் யார்கிட்டங்க பேசுறது?"

மந்திரிக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. மாவும் மற்றச் சாமானும் மாதம் ஒருமுறை ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறக்கப்படும் என்றார், அது தலைநகரக் கணக்குத்தான். பேசுவதற்கு ஓர் இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது என்று சொல்லி, அதை அவரே ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தார். யெல்குவேயில் எந்தத் தொலைபேசிக்கும் சிக்னல் எடுக்காது. வலெஸ்காவுக்கு அது தெரியும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் திரும்புகிற அலைக்கு எல்லாரும் கிளம்பினார்கள், மறுநாளும் ஆலை உண்டு. வலெஸ்கா பச்சை நாடாவை வைத்து ஒவ்வொரு வீட்டு அடுப்பாக ஒட்டிக்கொண்டு போனாள். அண்ணன் சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி எலியேசரிடம் நீட்டினார், இனிமேல் தான் வைத்திருந்து பயனில்லை என்று. எலியேசர் கையை நீட்டவில்லை.

"நீயே வச்சிரு ரோசாமெல்."

"அடுப்பு மூட்டக்கூடாதுங்குறாங்களே. வீடு போயிரும்பா."

"தெரியும். இருந்தாலும் நீயே வச்சிரு. இல்லேன்னா நீயும் எங்ககூட வந்துரு, பையன் ரூம் சும்மாத்தான கெடக்கு."

"நானும் வந்துட்டா அப்புறம் நீங்க எங்க திரும்பி வருவீங்க?"

எலியேசர் திரும்பி நடந்தார். படகில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். மற்ற ஒன்பது பேரிடமும் அண்ணன் சாவியை நீட்டிப் பார்த்தார், ஒருவரும் வாங்கவில்லை. நான் கடைசியாகக் கிளம்பினேன். அவர் நாற்பத்து மூன்று தட்டையும் கடல் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார். நல்லா நடந்துச்சு இல்ல தம்பி என்று கேட்டார். நல்லா நடந்துச்சு அண்ணே என்றேன். படகில் உட்கார்ந்து அழுதேன், வெட்கப்படவில்லை.

ஜூன் முதல் தேதி படகு நின்றது. ஐந்தாம் தேதி செயலகத்திலிருந்து எனக்கு ஆள் வந்தது, புது ஒப்பந்தத்தோடு. யெல்குவேக்குப் படகு எதுவும் போகவில்லை என்று செயலகம் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு வாரம் இரண்டு முறை ஒரு படகு போக வேண்டும். கரையிலிருந்து முந்நூறு மீட்டருக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். அதைத் தாண்டிப் போனால் படகில் பொருத்தியிருக்கும் பெட்டி தலைநகருக்குச் சொல்லிவிடும். தீவில் இருப்பவரோடு எந்த வகையிலும் பேசினால் அது வருகையாக எண்ணப்பட்டு அவர் தலையில் ஏறும். டீசல் செயலகத்தின் கணக்கு. எனக்கு இரண்டு பெண்கள் படிக்கிறார்கள், படகுக் கடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டேன். யார் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

செவ்வாயும் வெள்ளியும் வலெஸ்காவை ஏற்றிக்கொண்டு போகிறேன். இப்போதெல்லாம் அவள் வாந்தி எடுப்பதில்லை. தொலைநோக்கியில் கரையைப் பார்த்து, 'படகு எதுவும் இல்லை' என்று குறித்துக்கொள்வாள். படகு சத்தம் கேட்டதும் அண்ணன் ஓடி வந்து நிற்பார். முதல் இரண்டு வாரம் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். பிறகு விதி என்ன என்று புரிந்ததோ என்னவோ, வந்து சும்மா நின்றுவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் பத்துப் புகைபோக்கி வெறுமனே நின்றன, எலியேசரின் வீட்டுப் பலகைகளில் ஈரம் கறுப்பாக ஏறத் தொடங்கியிருந்தது.

ஜூலையில் எனக்கு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்துவிட்டேன். என் தம்பி படகை எடுத்துக்கொண்டு போனான். வலெஸ்கா குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது நெற்றியில் கை வைத்துக் காட்டி, எனக்குக் காய்ச்சல் என்று அண்ணனுக்குத் தெரிவித்துவிட்டானாம். தேறி எழுந்து நான் மறுபடி போன அன்று அண்ணன் என்னைக் கண்டதும் தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்கி வந்துவிட்டார். எங்கள் பக்கம் ஜூலைதான் குளிர்காலம். இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார். காற்று எதிர்ப்பக்கமிருந்து அடித்தது, இயந்திரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. நான் இயந்திரத்தை நிறுத்தினேன்.

"என்ன சொல்றார் அவர்? புகாரா?" என்று கேட்டாள் வலெஸ்கா. படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது.

"இல்லம்மா. எனக்குக் காய்ச்சல் விட்டுருச்சான்னு கேக்குறார்."

அவர் மறுபடி கேட்டார். மூன்றாவது தடவையும் கேட்டார். பிறகு அவள் அந்தக் கட்டத்தில் 'புகார் எதுவும் இல்லை' என்று எழுதி, சாட்சி என்று போட்டிருந்த இடத்தை எனக்குக் காட்டினாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

காய்ச்சல் விட்டுவிட்டது என்று அவருக்கு நான் சொல்லவில்லை.